கொம்பையா மிஷினும் பத்தொன்பதாம் நம்பர் சாமானும்

பனையடிப்பொத்தையில் புத்தி குறைந்த ஆள் ஒருத்தர்கூடக் கிடையாது என்று அந்த ஊர்க்காரர்கள் சொல்வார்கள். வேறு ஊர்க்காரர்கள் யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

தென்காசிக்கு மேற்கே, மலை இறங்கிவந்து காலை நீட்டிப் படுத்திருக்கிற இடத்தில் இருக்கிறது ஊர். அங்கே கொம்பையா என்று ஒருத்தர். அவருக்கு ஒரு ஓட்டு வீடு, ஒரு பசுமாடு, ஆவுடையம்மாள் என்று ஒரு மனைவி. இந்த மூன்றில் இரண்டுக்குப் புத்தி உண்டு. வீட்டுக்குக் கிடையாது. கொம்பையாவை நான் எண்ணிக்கையிலேயே சேர்க்கவில்லை.

வீட்டுக்குக் கிழக்கே ஓர் இலவ மரம். போன வருசத்துக் காற்றில் ஒரு பக்கத்து வேர் கிளம்பி, மரம் வீட்டைப் பார்த்துச் சாய்ந்துவிட்டது. ராத்திரியில் படுத்தால் ஓட்டு இடுக்கு வழியாக மரம் எட்டிப் பார்க்கும்.

"நல்லாக் கேட்டுக்கிடும்," என்றாள் ஆவுடை. "ஐப்பசி மழை இறங்கதுக்குள்ள ஒரு வழி பண்ணும். அந்த மரம் என் வீட்டு மேல விழக்கூடாது. விழுந்துச்சுன்னு வையும், மாட்டைப் பத்திக்கிட்டு எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிருவேன். பெறகு நீரா வந்து கால்ல விழுந்தாலும் வரமாட்டேன்."

கொம்பையா மாட்டைத் திரும்பிப் பார்த்தார். ஆவுடை சொன்னால் செய்கிறவள். மாடோ ரெண்டு நேரமும் கறக்கிற மாடு.

நாலு பேர் கோடாலி எடுத்தால் ஒரு மத்தியான வேலை. இலவ மரம், பூசணிக்காய் மாதிரி வெட்டுப்படும். ஆனால் கொம்பையாவிடம் ஒரு மிஷின் இருந்தது. மிஷின் வைத்திருக்கிறவன் கோடாலி எடுப்பானா?

மலை மேல் அவர் வேலை பார்த்த எஸ்டேட்டை மூடின சமயம் சாக்கில் கட்டிக் கொடுத்த மரம் அறுக்கிற மிஷின் அது. செயின் சுற்றுகிற பட்டை மட்டுமே ஓர் ஆள் கை நீளம். அது உறுமினால் யானை வழி மாறிப் போகும் என்று அந்தக் காலத்தில் சொல்வார்கள். இருபது வருசமாக மாட்டுத் தொழுவத்தில் கிடந்து, கோழி ஏறி உட்கார்ந்து, இப்போது கோழிகூட வழி மாறுவதில்லை.

"இதைப் புதுசாக்கி, பழைய வேகத்துக்கு மேல ரெண்டு மடங்கு வேகம் ஏத்துதோம். மரத்தை ஒரே இழுப்புல அறுக்குதோம்," என்றார் கொம்பையா.

அவருக்கு மூன்று கூட்டாளிகள். மாசானம், எதையும் நிதானமாக யோசிக்கிறவன். யோசித்து முடிக்கும்போது காரியம் முடிந்திருக்கும். தளவாய், போ என்றால் எங்கே என்று கேட்காமல் போகிறவன். வெயிலுமுத்து, எழுதத் தெரிந்தவன். எழுத்து இல்லை, நம்பர் மட்டும்.

நாலு பேரும் பஸ் ஏறி, தென்காசியில் மிஷின் வேலை பார்க்கிற திவான் பாயிடம் போனார்கள். பாய் மிஷினைத் திருப்பிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"நல்ல சாதி மிஷின் அண்ணாச்சி. ஆனா எனக்கு ரெண்டு மாசத்துக்கு வேலை கிடக்கு. அவசரம்னா நீங்களே செய்யுங்க, சொல்லித் தாரேன். முழுசாக் கழட்டுங்க. மண்ணெண்ணெயில கழுவுங்க. கழட்டக் கழட்ட ஒரு துணியில வரிசையா வச்சு நம்பர் போடுங்க. மாட்டும்போது தலைகீழா வரணும். கடைசியாக் கழட்டினதை மொதல்ல மாட்டணும். எது எங்க இருந்துச்சோ, அங்க இருந்த மாதிரியே இருக்கணும். ஒண்ணு குறையக்கூடாது. இது ஒண்ணை மறக்காதீங்க, மத்ததெல்லாம் தானா வரும்."

அது ஒன்றை அவர்கள் மறக்கவே இல்லை. அதுதான் வினை.

ஆவுடையின் கல்யாணச் சேலையை விரித்தார்கள். ஸ்குரு ஒன்று, மூடி ரெண்டு, பிளக்கு மூன்று என்று வெயிலுமுத்து நம்பர் போட்டுக்கொண்டே வந்தான். சைலன்ஸரைக் கழட்டித் தட்டியதும் உள்ளேயிருந்து ஒன்று விழுந்தது. செத்துக் காய்ந்த குளவி.

நாலு பேரும் குனிந்து பார்த்தார்கள்.

"இது சாமானா, பூச்சியா?" என்றான் தளவாய்.

"வெளிய இருந்தா பூச்சி. மிஷினுக்குள்ள இருந்து வந்திருக்குல்லா," என்றார் கொம்பையா.

மாசானம் நிதானமாக யோசித்தான். "றெக்கை இருக்கு பாத்தீங்களா அண்ணாச்சி. வேகத்துக்குன்னே வச்சிருப்பான் அந்தக் காலத்துல."

பத்தொன்பதாம் நம்பர். அதற்குப் பின்னால் சுரண்டி எடுத்த கரி ஒரு கரண்டி, இருபதாம் நம்பர்.

எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் போட்டுக் கழுவினார்கள். கழுவும்போது பத்தொன்பதாம் நம்பரின் ஒரு கால் ஒடிந்துவிட்டது. மாசானம் கையில் காலை வைத்துக்கொண்டு அழுகிற மாதிரி நின்றான்.

"பழைய சாமான்னா தேய்மானம் இருக்கத்தாம்லே செய்யும்," என்று கொம்பையா தேற்றினார். "ஏலே தளவாய், புது ஸ்பேர் ஒண்ணு கொண்டா."

தளவாய் போனான். பம்ப்செட்டு ரூமில் குளவிக்கூடு இருப்பது ஊருக்கே தெரியும். கொஞ்ச நேரத்தில் அவன் திரும்பி ஓடிவந்தபோது அவனை யார் என்று கொம்பையாவுக்கு அடையாளம் தெரியவில்லை. முகம் ரெண்டு முகம் அளவுக்கு இருந்தது. கண்ணைக் காணோம்.

"கெடைச்சுதாலே?"

"கெடைச்சுது அண்ணாச்சி," என்றான் தளவாய், எந்தப் பக்கம் நிற்கிறார்கள் என்று தெரியாமல் தொழுவத்தைப் பார்த்து. "புது சாமான் ரொம்பப் பவரா இருக்கு. நம்ம மிஷினு தாங்காது. பழசையே ஒட்டிப் போட்ருவோம்."

சோற்றுப் பசையில் ஒட்டினார்கள்.

அடுத்தது வேகம் ஏற்றுகிற வேலை. மறுபடி பஸ், மறுபடி பாய்.

"மிஷினுக்கு எல்லாமே மூச்சுதான்," என்றார் பாய். "சிலிண்டர்ல புகை வெளிய போறதுக்கு ஒரு வாசல் இருக்கும். அதை அரத்தால ராவி லேசா அகலப்படுத்துங்க. ஒரு நகக் கனம். அதுக்கு மேல போனா கெட்டுச்சு."

ஊருக்கு வந்ததும் யாருடைய நகம் என்று ஒரு மணி நேரம் பேச்சு நடந்தது. கொம்பையா நகம் கடித்த நகம். வெயிலுமுத்து நகம் நம்பர் எழுதித் தேய்ந்த நகம். கடைசியில், மண்வெட்டி பிடிக்கிற மாசானத்தின் கட்டை விரல் நகம்தான் நல்ல அளவு என்று தீர்மானமாயிற்று. அவன் விரலை வாசலில் வைத்துக்கொள்ள, கொம்பையா ஒட்டி ராவினார். ராவினதில் வாசலும் தேய்ந்தது, நகமும் தேய்ந்தது.

"அளவு குறைஞ்சு போச்சு அண்ணாச்சி."

"அடுத்த வெரலை வை."

பத்து விரலும் தீர்ந்து, மாசானம் செருப்பைக் கழற்றினபோதுதான் அரம் மொட்டையாகிவிட்டது. சிலிண்டர் பிழைத்தது. ஆனால் ஒரு நகக் கனம் அகலப்பட வேண்டிய வாசல், பத்து நகக் கனம் அகலப்பட்டுவிட்டது.

பிஸ்டனுக்குப் புது ரிங்கு போட்டு, தலைகீழ் வரிசையில் எல்லாவற்றையும் மாட்டினார்கள். கரியைக்கூட அதே கரண்டியால் அள்ளிப் போட்டார்கள். குளவியின் தலை எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்பதில் மட்டும் கொஞ்சம் தகராறு. மேற்கே என்று முடிவாயிற்று. ஊர் கூடியது. மிஷினுக்கு மாலை போட்டு, தேங்காய் உடைத்து, கொம்பையா கயிற்றை இழுத்தார்.

ஒரு இழுப்பு. ரெண்டு. ஒன்பதாவது இழுப்பில் வெடிச்சத்தம். சைலன்ஸரிலிருந்து கரி ஒரு கரண்டியும் மாசானத்தின் வெள்ளைச் சட்டையில் வந்து அப்பிக்கொண்டது. குளவி, உயிரோடு இருந்தபோது போகாத வேகத்தில், கோயில் கோபுரத்தைத் தாண்டிப் போனது. மிஷின் உறுமியது. மலையில் யானை என்ன செய்ததோ தெரியாது, ஊரில் ஒரு கைக்குழந்தை பேச ஆரம்பித்துவிட்டது என்று இன்றைக்கும் சொல்கிறார்கள்.

அது எப்படி ஓடியது என்று திவான் பாய்க்கே இதுவரைக்கும் விளங்கவில்லை.

"பத்தொன்பதும் இருபதும் தெறிச்சுப் போச்சு," என்று வெயிலுமுத்து காதில் வந்து கத்தினான்.

"சாமான் ரெண்டு கொறைஞ்சே இந்த ஓட்டம் ஓடுதே," என்று கொம்பையா கண் கலங்கினார், "முழுசா இருந்தா எப்படி ஓடியிருக்கும்லே!"

இனி மரத்தை அறுக்க வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்பீர்கள். அவசரப்பட்டால் எப்படி? பாய் இன்னொன்றும் சொல்லியிருந்தார்.

"புது ரிங்கு அண்ணாச்சி. மொத மூணு டேங்க் பெட்ரோல் தீருற வரைக்கும் மிஷினைப் போட்டு முக்கக்கூடாது. மெத்துனு இருக்கிறதாப் பாத்து அறுங்க."

மெத்தென்று இருக்கிறதை எல்லாம் தேடினார்கள். வாழைத் தண்டு நாற்பது அறுத்தார்கள். பூசணிக்காயை அறுத்தார்கள், ஒரு வாரத்துக்குக் கொம்பையாவும் மஞ்சள், சுவரும் மஞ்சள். "மதினி சுட்ட இட்டிலி இருக்கே, அதை வைப்போமா?" என்றான் தளவாய். "அது மூணு டேங்க் முடிஞ்ச பெறகு," என்றார் கொம்பையா. கடைசியில் தலையணைக்கு வந்தார்கள். நாலு தலையணை. தெரு முழுக்கப் பஞ்சு பறந்து, சின்னப்பிள்ளைகள் பனி பெய்கிறது என்று சட்டையைக் கழற்றிவிட்டு ஆடின.

பஞ்சைத் தலையில் சுமந்துகொண்டு மாசானம் ரொம்ப நேரம் யோசித்தான்.

"அண்ணாச்சி, இந்தப் பஞ்சு இலவ மரத்துலதான காய்க்கு? அப்ப மரமும் மெத்துனுதான இருக்கும்? பேசாம அதையே அறுத்தா என்ன?"

புத்தி என்பது அந்த ஊர் எல்லை வரைக்கும் வந்து நின்றது அந்த ஒரு தடவைதான்.

"கிறுக்குப் பயலே," என்றார் கொம்பையா. "மரத்தை அறுத்துட்டா, பெறகு மிஷினைப் பழக்கி என்னத்துக்குலே?"

மூன்று பேரும் தலையாட்டினார்கள். புத்தி வந்த வழியே திரும்பிப் போய்விட்டது.

தலையணை உறையை மட்டும் கையில் வைத்துக்கொண்டு நின்ற ஆவுடை, அதை உதறி மடித்து வைத்தாள். அண்ணன் மகளுக்குச் சடங்கு, நாலு நாள் போய் இருந்துவிட்டு வருவதாக இருந்தது. கிளம்பினாள்.

"நான் வரும்போது அந்த மரம் வீட்டு மேல விழும்ங்கிற பேச்சே இருக்கக்கூடாது. அவ்வளவுதான் சொல்லுவேன்."

மாட்டையும் கையோடு பிடித்துக்கொண்டுதான் போனாள். மாடும் மெத்தென்றுதானே இருக்கும்.

மூன்று டேங்கும் தீர்ந்தது. நாள் குறித்தாயிற்று. கடைசியாக ஒரு தடவை கேட்டு வரத் தளவாயை பஸ் ஏற்றி அனுப்பினார்கள்.

"மரம் விழுற பக்கம் ஒண்ணும் இருக்கக்கூடாது," என்றார் பாய். "ஆளு, ஆடு, சாமான் எதுனாலும் மொதல்ல அப்புறப்படுத்திட்டுத்தான் மரத்துல மிஷினை வைக்கணும். உசிரு சமாச்சாரம். ஆமா, மரம் எந்தப் பக்கம் சாஞ்சிருக்கு?"

"மேக்க பாய்."

"மேக்க என்ன இருக்கு?"

தளவாய் நல்லாப் பார்த்து வைத்திருந்தான். "மலை இருக்கு பாய்."

"மலைக்கு ஒண்ணும் ஆகாது. தைரியமா அறுங்க," என்று அனுப்பிவிட்டார் பாய்.

காலையில் வேலை தொடங்கியது. மரம் சாய்ந்த பக்கத்தில் கிடந்த உரலை உருட்டினார்கள். அம்மியைத் தூக்கினார்கள். கட்டில், பானை, கோழிக்கூடு எல்லாம் போயிற்று. நின்று பார்த்தார்கள். இன்னும் ஒன்று பாக்கி இருந்தது.

"வீடு இருக்கே அண்ணாச்சி," என்றான் வெயிலுமுத்து.

"வீடு சாமான்ல சேருமா?"

"எதுனாலும்னு சொல்லியிருக்காரு பாய்," என்றான் தளவாய். "உசிரு சமாச்சாரம்னும் சொன்னாரு."

"உரல் மாதிரி உருட்ட முடியாதேலே."

மாசானம் யோசித்துச் சொன்னான்: "உருட்ட முடியாது. கழட்டலாம்லா?"

ஊரே பாராட்டியது. ஓடுகளை ஒவ்வொன்றாக இறக்கினார்கள். வெயிலுமுத்து சுண்ணாம்பால் நம்பர் போட்டான். உத்தரத்தில் ஒட்டியிருந்த பல்லிக்கும் ஒரு நம்பர் போட்டான், அது நிற்கவில்லை. பிறகு கொம்பையா மிஷினை எடுத்தார்.

சொல்லக்கூடாது, ஆனால் அந்த மிஷின் ஓடின ஓட்டம்! பத்து நக வாசலும் சேர்ந்து மூச்சுவிட்டது. சட்டம், கைமரம், உத்தரம் எல்லாம் வெண்ணெய் மாதிரி அறுபட்டு விழுந்தது. கொம்பையாவின் தாத்தா பர்மாவிலிருந்து கொண்டுவந்த தேக்குத் தூண் நாலையும் அடியோடு சீவித் தள்ளியது. தூணுக்கு ஒரு கைதட்டல். கை தட்டினவர்கள் யாரும் புத்தியை வீட்டில் வைத்துவிட்டு வந்தவர்கள் இல்லை. வீட்டில் போய்த் தேடினாலும் இருக்காது. மண் சுவரையும் தொழுவத்தையும் கடப்பாரையால் தள்ளினதும் இடம் உள்ளங்கை மாதிரி ஆயிற்று.

கொம்பையா மிஷினை மரத்துப் பக்கம் திருப்பினார். பெட்ரோல் தீர்ந்துவிட்டது.

உச்சி வெயில். உட்காருவதற்கு வீடு இல்லை. நாலு பேரும் இலவ மர நிழலில் உட்கார்ந்தார்கள். தளவாய், வீக்கம் வற்றின கண்ணால் அண்ணாந்து பார்த்தான்.

"அண்ணாச்சி, இது நம்ம மேல விழுந்துட்டா?"

எழுந்து ஓடி, தேக்குத் தூண் நாலையும் தூக்கிவந்து மரத்துக்கு முட்டுக் கொடுத்து நிறுத்தினார்கள். நல்ல தூண். மரம் ஆடாமல் நின்றது. பிறகு நிம்மதியாகத் தூங்கினார்கள்.

சாயங்காலம் ஆவுடை மாட்டைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். மாடு தொழுவம் இருந்த இடத்தைப் பார்த்தது. அவள் வீடு இருந்த இடத்தைப் பார்த்தாள். மரத்தைப் பார்த்தாள். அதற்கு முட்டுக் கொடுத்திருந்த தூணைப் பார்த்தாள்.

கொம்பையா முகமெல்லாம் சிரிப்பாக எழுந்து வந்தார்.

"சொன்ன சொல்லைக் காப்பாத்திட்டேன் ஆவுடை. இனிமே அந்த மரம் நம்ம வீட்டு மேல விழவே விழாது."

அவள் என்ன பேசினாள் என்பதை நான் இங்கே எழுத முடியாது. மாடு தலையைத் திருப்பிக்கொண்டது என்று மட்டும் சொல்கிறேன். கடைசியில் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள்:

"எட்டு நாள் தாரேன். எட்டாவது நாள் வருவேன். இங்க எல்லாம் எது எங்க இருந்துச்சோ, அங்க இருந்த மாதிரியே இருக்கணும். ஒண்ணு குறைஞ்சாலும் அத்தோட எனக்கு நீருமில்ல, ஒமக்கு நானுமில்ல!"

அவள் தெரு தாண்டின பிறகு கொம்பையா உட்கார்ந்து அழுதார். மூன்று பேரும் கூட அழுதார்கள். பிறகு வெயிலுமுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டு நம்பர்களைப் பார்த்தான்.

"அழாதீங்க அண்ணாச்சி. பாய் சொன்ன மாதிரிதான் மதினியும் சொல்லுதாவ. தலைகீழா மாட்டிட்டு வந்தா வீடு வந்துரும். மொதல்ல தூணைக் கொண்டாங்க."

தூண் எங்கே? மரத்துக்கு முட்டாக நிற்கிறது. ஒன்றை எடுத்தார்கள். ரெண்டை எடுத்தார்கள். மூன்றாவதை எடுத்ததும் மரம் ஒரு முனகல் முனகி, வீடு இருந்த இடத்தில் மெத்தென்று போய்ப் படுத்துக்கொண்டது. ஒரு கோழி இறகுகூட நசுங்கவில்லை. வருசம் முழுக்க ஆவுடை எது நடக்க வேண்டும் என்று சாமியைக் கும்பிட்டாளோ, அது நடந்து முடிந்துவிட்டது. புத்தியுள்ள ஆள் ஒருத்தர் அங்கே இருந்திருந்தால் கதை இத்தோடு முடிந்திருக்கும்.

எட்டாவது நாள். மலையில் மழைக் கருக்கல் கட்டியிருந்தது. ஆவுடை மாட்டோடு வந்தாள். வழியிலேயே ஊர் மொத்தமும் சேர்ந்து கத்துகிற சத்தம் கேட்டது. வந்து பார்த்தால், ஓடுகள் கல்யாணச் சேலையில் நம்பர் வாரியாக அடுக்கி இருக்கின்றன. தூண் நாலும் படுத்திருக்கின்றன. வீடு இல்லை. விழுந்த மரத்தில் தேர் வடத்தைக் கட்டி, ஊரே பிடித்து இழுத்துக்கொண்டிருக்கிறது. மரம் பாதி எழுந்து நிற்கிறது. கொம்பையா தள்ளி நின்று, ஒரு கண்ணை மூடி, சாய்வு பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"இன்னும் ரெண்டு முழம்லே! போன வருசம் இருந்த சாய்வு வரலை!"

"வீட்டை எங்கவே?" என்று அலறினாள் ஆவுடை.

கொம்பையா வேர்வையைத் துடைத்தார். நெஞ்சு நிமிர்ந்து இருந்தது.

"செத்த பொறுத்துக்கோ ஆவுடை. கடைசியாக் கழண்டது மரம், அதனால அதைத்தான் மொதல்ல மாட்டணும். இருந்த மாதிரியே சாச்சு நிறுத்திட்டு, அதுக்குக் கீழ வீட்டைக் கட்டிருதோம்." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நீயும் யோசிச்சுப் பாரு. வீட்டைக் கட்டிட்டு அது மேல மரத்தைச் சாச்சா, ஓடு ஒடைஞ்சிராதா?"